எனக்கு முன்கூட்டியே தெரியுதுக்கா! (வாசகர் கேள்வி பதில்)

இந்த மாசம் கடலூர், புதுச்சேரி பக்கத்துலேர்ந்து வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்த சுத்திதான் இருக்கு. கனவுல முன்னாடியே தெரியுது, அப்பா குச்சிய புடிச்சா தண்ணி எங்க இருக்குன்னு சொல்லிடுவாரு, பையனுக்கு அடுத்தவங்க மனசுல நினைக்கிறது காதுல விழுது, இப்படி. அதனால மத்த கேள்விய எல்லாம் அடுத்த மாசத்துக்கு தள்ளி வச்சிட்டு இத மட்டும் எடுத்துக்குறேன். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், எழுதினவங்க யாரும் பொய் சொல்றதா நான் நினைக்கல. உங்களுக்கு நடந்தது நடந்ததுதான். அது ஏன் நடந்துச்சுன்னு நாம ஒரு காரணம் வச்சிக்கிறோமே, அங்கதான் கொஞ்சம் நின்னு பாக்கணும்.

அக்கா, எனக்கு 34 வயசு, பொறந்தது தேவனாம்பட்டினம், கட்டிக்கிட்டு வந்தது மஞ்சக்குப்பம். சுனாமிக்கு நாலஞ்சு நாள் முன்னாடி வீட்டுக்குள்ள தண்ணி ஏறுற மாதிரி கனவு கண்டேன், அப்ப எனக்கு 13 வயசு, யார்கிட்டயும் சொல்லல. அப்புறம் பெரியப்பா போறதுக்கு முந்தின வாரம் அவர் வெள்ள வேட்டியோட வாசல்ல நிக்கிற மாதிரி கனவு. நாத்தனாருக்கு கரு கலைஞ்சதும் அப்படித்தான். இப்ப சொந்தக்காரங்க எல்லாம் போன் போட்டு என்ன கனவு கண்டேன்னு கேக்குறாங்க, மாமியார் நல்ல காரியத்துக்கு தேதி குறிக்கிறதுக்கு முன்னாடி என்னைத்தான் கேக்குறாங்க. எனக்கு பெருமையே இல்லக்கா, தூங்கவே பயமா இருக்கு. நான் கனவு காணுறதாலதான் நடக்குதோ? அன்னிக்கு வாய தொறந்திருந்தா எங்க தெருவுல நாலு பேராவது பொழைச்சிருப்பாங்களோ?
— வாசகி, மஞ்சக்குப்பம்

தங்கச்சி, உன் கடைசி வரிலேர்ந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா மத்தது எல்லாத்தையும் விட அதுதான் உன்னை அரிச்சிக்கிட்டு இருக்கு. 13 வயசு பொண்ணு கனவுல தண்ணி வந்துச்சுன்னு சொல்லியிருந்தா வீட்டுல என்ன சொல்லியிருப்பாங்க? துன்னூறு பூசி படுக்க வச்சிருப்பாங்க. 2004 டிசம்பர் 26 காலைல சுமத்ரா பக்கத்துல கடலுக்கு அடியில பூமி நடுங்கி, அந்த அலை வங்காள விரிகுடாவ தாண்டி நம்ம கரைக்கு வந்து சேர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, அவ்வளவு நேரம் இருந்தும் இந்தியப் பெருங்கடலுக்குன்னு ஒரு எச்சரிக்கை அமைப்பு இல்லாததாலதான் யாருக்கும் தகவல் வரல. அரசாங்கங்களே செஞ்சு வைக்காத வேலைய ஒரு சின்ன பொண்ணு தலையில நீயே ஏத்தி வச்சிக்கிட்டு இருபது வருஷமா சுமக்குற. அத எறக்கி வை.

இப்ப கனவு விஷயத்துக்கு வருவோம். கடலுக்கு பக்கத்துல வளர்ற புள்ளைங்களுக்கு தண்ணி கனவு வர்றது சாதாரணம், நீ சுனாமிக்கு முன்னாடியும் எத்தனையோ தடவ கண்டிருப்ப, அதெல்லாம் ஞாபகம் இல்ல. ஒரு ராத்திரில நமக்கு நாலஞ்சு தடவ கனவு காணுற தூக்கம் வந்து போவுது, காலைல எந்திரிச்சா முக்காவாசி அழிஞ்சிடும், எது தங்கும்னா அடுத்து நடக்குற ஏதாவது ஒண்ணு அத தட்டி எழுப்புச்சுன்னா அது மட்டும் தங்கும். நடக்காமப் போன கனவ தட்டி எழுப்ப ஆளே இல்ல.

ஒரு கணக்கு போட்டு பாரேன். 2011 கணக்கெடுப்புப்படி கடலூர் மாவட்டத்துல 26 லட்சம் பேர். ஒருத்தருக்கு பத்து வருஷத்துக்கு ஒரே ஒரு தடவ, தெரிஞ்சவங்க சாவுற மாதிரி கனவு வருதுன்னு வச்சிக்கோ (நிஜத்துல இதவிட அதிகமாத்தான் வரும்). பத்து வருஷத்துக்கு 3,650 ராத்திரி, வகுத்தா ஒவ்வொரு ராத்திரியும் நம்ம மாவட்டத்துல மட்டும் 700 பேருக்கு மேல சாவு கனவு காணுறாங்க. தமிழ்நாட்டுல ஆயிரம் பேருக்கு வருஷத்துக்கு சுமார் 7 பேர் இறக்குறாங்க, அப்படின்னா மாவட்டத்துல தினமும் ஏறக்குறைய 50 சாவு. 700 கனவும் 50 சாவும் தினம் தினம் பக்கத்துல பக்கத்துல நடந்துக்கிட்டே இருந்தா, அதுல சிலது ஒரே வாரத்துக்குள்ள ஒரே ஆளு மேல வந்து விழாம இருந்தாத்தான் ஆச்சரியம். அந்த சிலதுல உன்னோடதும் ஒண்ணு. அதுலயும் உன் பெரியப்பா வயசானவரா, உடம்பு சரியில்லாதவரான்னு நீ எழுதல, அப்படி இருந்திருந்தா அவர் இருமறதயும் மெலிஞ்சு போனதயும் உன் கண்ணு முன்னாடியே பாத்து வச்சிருக்கும், பகல்ல ஒத்துக்க மனசு வராதத ராத்திரில கனவு சொல்லிடும்.

இன்னொன்னு, ஞாபகம். நாம ஞாபகத்த பீரோவுல வச்ச புடவ மாதிரி நினைக்கிறோம், வச்சது வச்சபடியே இருக்கும்னு. அப்படி இல்ல. பரூக் ஃபிஷாஃப்னு ஒரு மனோதத்துவ ஆராய்ச்சியாளர், 1972ல அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் போறதுக்கு முன்னாடி மாணவர்கள்கிட்ட இது நடக்குமா, அது நடக்குமான்னு எழுதி வாங்கினாங்க. பயணம் முடிஞ்ச பிறகு, நீ அன்னிக்கு என்ன எழுதினேன்னு திரும்ப கேட்டா, நடந்து முடிஞ்சத எல்லாம் தாங்களே முன்னாடி இன்னும் உறுதியா சொன்னதா ஞாபகம் வச்சிருந்தாங்க. யாரும் வேணும்னு பண்ணல. நடந்தது பின்னாடி போயி பழைய நினைப்ப திருத்திடுது. உன் கனவுல வந்தது மழைத்தண்ணியா, கடல்தண்ணியா, இப்ப உன்னால நிச்சயமா சொல்ல முடியாது, அதுக்கப்புறம் நீ டிவில அந்த அலைய எத்தனை தடவ பாத்திருக்க.

இத ஒரு டாக்டர் நிஜமாவே பெரிய அளவுல சோதிச்சு பாத்திருக்கார், அத உனக்காகவே எழுதுறேன். 1966 அக்டோபர் 21ஆம் தேதி வேல்ஸ் நாட்டுல அபர்ஃபான்ங்கிற ஊர்ல நிலக்கரி கழிவு மலை சரிஞ்சு பள்ளிக்கூடம் மேல விழுந்து 144 பேர் செத்தாங்க, அதுல 116 பேர் குழந்தைங்க. ஜான் பார்க்கர்ங்கிற மனநல டாக்டர், இத முன்கூட்டி உணர்ந்தவங்க யாராவது இருந்தா எழுதுங்கன்னு பத்திரிகை மூலமா கேட்டார், 76 கடிதம் வந்துச்சு. உடனே அவர் 1967ல லண்டன் பத்திரிகை ஒண்ணோட சேர்ந்து, இனிமே நடந்ததுக்கு அப்புறம் எழுதாதீங்க, நடக்குறதுக்கு முன்னாடியே எழுதி அனுப்புங்கன்னு ஒரு ஆபீஸ் வச்சு தேதி போட்டு வாங்கி வச்சாங்க. நூத்துக்கணக்குல வந்துச்சு. முதல் வருஷத்துல பொருந்திச்சுன்னு சொல்லக்கூடியது 20 கூட தேறல. அத வச்சு எந்த விபத்தையும் தடுக்கவும் முடியல. பாரு, அப்புறமா கேட்டப்ப அவ்வளவு பேருக்கு தெரிஞ்சிருந்துச்சு, முன்னாடியே எழுதச் சொன்னப்ப எங்கயோ போயிடுச்சு.

அதனால உனக்கு ஒரு வேலை தர்றேன். ஒரு நோட்டு வாங்கி தலைமாட்டுல வை. தினமும் எந்திரிச்ச உடனே, பல்லு கூட தேய்க்காம, தேதி போட்டு கனவ எழுது, நல்லது கெட்டது எல்லாத்தையும். யார், என்ன, எந்த நாளுக்குள்ள நடக்கும்னு உனக்கு தோணுதோ அதயும் எழுது. ஆறு மாசம் கழிச்சு உன் வீட்டுக்காரர உக்கார வச்சி ரெண்டு பேரும் எண்ணுங்க. எனக்கு தெரிஞ்சு இத ஒழுங்கா செஞ்சவங்களுக்கு பயம் போயிடுது, ஏன்னா நடக்காத கனவு எவ்வளவுன்னு முதல் தடவயா கண்ணால பாக்குறாங்க. மாமியார்கிட்ட, "அத்தை, டாக்டர் என்னை இதெல்லாம் பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க"ன்னு சொல்லிடு, சொந்தக்காரங்க போனுக்கும் அதே பதில். சாவு சேதி வரும்போதெல்லாம் உன் மூஞ்சிய பாக்குற பழக்கம் நின்னாலே உனக்கு பாதி தூக்கம் திரும்பிடும். ஒரு மாசம் ஆகியும் தூக்கம் வரலன்னா டாக்டர பாரு, தூக்கம் கெட்டா கனவு இன்னும் கலங்கலா, இன்னும் தெளிவா ஞாபகம் இருக்குற மாதிரி வரும், அது ஒரு சுத்து.

யாராவது பின்னாடிலேர்ந்து பாத்தா எனக்கு உடனே தெரிஞ்சிடுது, திரும்பினா கரெக்டா பாத்துக்கிட்டு இருக்காங்க. இது என்ன சக்தி?
— கல்லூரி மாணவி, முத்தியால்பேட்டை

1898லயே டிட்ச்னர்ங்கிற பேராசிரியர் இத பத்தி எழுதியிருக்கார், அவரோட மாணவர்கள்லயும் இதே மாதிரி சத்தியம் பண்ணவங்க இருந்தாங்க, சோதிச்சு பாத்தப்ப நிக்கல. முதுகு பக்கம் நமக்கு கண்ணு இல்லாததால கூட்டத்துல இருக்கும்போது இயல்பாவே ஒரு கூச்சம் இருக்கும், திரும்பிப் பாப்போம், நாம தலைய திருப்புறதே பின்னாடி இருக்குறவங்க கண்ண இழுக்கும், அவங்க நம்மள பாப்பாங்க. நாம என்ன நினைச்சிக்கிறோம்னா அவங்க முன்னாடிலேர்ந்தே பாத்துக்கிட்டு இருந்தாங்கன்னு. பீச் ரோட்டுல சாயங்காலம் நடந்துக்கிட்டே எத்தனை தடவ திரும்பினப்ப யாருமே பாக்கலன்னு எண்ணிப் பாரும்மா.

அக்கா, எங்கப்பா பாகூர் பக்கம் நீரோட்டம் பாக்குறவரு. வேப்பங்கவட்டைய ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு வயல்ல நடப்பாரு, தண்ணி இருக்குற எடத்துல குச்சி தானா சாயும், தேங்காயும் உள்ளங்கைல எழுந்து நிக்கும். நான் சின்ன வயசுல புடிச்சி பாத்திருக்கேன், நிஜமாவே இழுக்கும்க்கா. இத்தன வருஷத்துல அவர் சொன்ன எடத்துல போர் போட்டு தண்ணி வராம போனது ரொம்ப கம்மி. கேட்டு காசு வாங்க மாட்டாரு, குடுத்தா வாங்குவாரு. இப்ப செஞ்சி பக்கம் ஒருத்தர் கூப்பிட்டு போயி, அப்பா சொன்ன எடத்துல ரெண்டு போர் போட்டு ரெண்டுமே வறண்டுடுச்சு, அவரு லட்சக்கணக்குல கடனாகி அப்பாவ திட்டினாரு, அப்பா அன்னிலேர்ந்து சரியா சாப்பிடறதில்ல, என் வாக்கு போயிடுச்சுங்கறாரு. நான் சயின்ஸ் படிச்சவன், அவர்கிட்ட என்ன பேசுறது?
— வாசகர், பாகூர்

தம்பி, உங்கப்பாவ நினைச்சா எனக்கு மனசு வலிக்குது, ஏன்னா இந்த மாதிரி மனுஷங்கதான் உண்மைல அதிகம். ஊர்ல சக்தி இருக்குன்னு சொல்றவன் எல்லாம் காசு புடுங்குறவன்னு பேசிடறோம். அவர் ஒரு நாளும் யாரையும் ஏமாத்தல.

குச்சி சாயறது நிஜம். யாரு சாய்க்கிறாங்கங்கறதுதான் விஷயம். கவட்டைய ரெண்டு பக்கமும் இழுத்து வளைச்சி, உள்ளங்கைய மேல பாத்து வச்சிக்கிட்டு புடிக்கும்போது அது முறுக்குன வில்லு மாதிரி நிக்குது, மணிக்கட்டு ஒரு நூல் அளவு திரும்பினா போதும், டக்குன்னு கீழ அடிக்கும், அந்த நூல் அளவு அசைவு நமக்கே தெரியாது. எங்க தண்ணி இருக்கும்னு மனசு எதிர்பாக்குதோ அங்க தசை தானா வேலை செஞ்சிடுது. 1833ல செவ்ரல்ங்கிற பிரெஞ்சு வேதியியல் விஞ்ஞானி இத எழுதியிருக்கார், நூல்ல கட்டின குண்ட பாதரசத்துக்கு மேல புடிச்சா ஆடுது, நடுவுல கண்ணாடி வச்சா நிக்குது, அவருக்கே ஆச்சரியம், அப்புறம் கண்ண கட்டிக்கிட்டு, எப்ப கண்ணாடி வைக்கிறாங்கன்னு தெரியாம பண்ணினா கண்ணாடியால எந்த வித்தியாசமும் வரல. தன் கையே தன்ன ஏமாத்துதுன்னு அவரே கண்டுபுடிச்சி அவரே எழுதினாரு பாருங்க, எவ்வளவு பெரிய மனசு. இருபது வருஷம் கழிச்சு 1853ல, மின்சாரத்துல நாம படிக்கிறோமே அந்த ஃபாரடே, ஆவி மேசைய நகத்துதுன்னு லண்டனே பேசிக்கிட்டு இருந்தப்ப, கைக்கும் மேசைக்கும் நடுவுல மெல்லிசா ஒட்டுன அட்டைங்கள அடுக்கி வச்சு, மேசைக்கு முன்னாடி கைதான் நகருதுன்னு காட்டினாரு. சுத்தி உக்காந்திருந்தவங்க எல்லாரும் நாங்க தள்ளவே இல்லன்னு மனசார சொன்னாங்க, அதுவும் உண்மைதான், தள்ளுறோம்னு அவங்களுக்கு தெரியல.

அப்ப பாகூர்ல எப்படி தண்ணி வந்துச்சு? இதுக்கு பதில் உங்க காலுக்கு கீழயே இருக்கு. பாகூர் தென்பெண்ணை கொண்டு வந்து போட்ட வண்டல் மண்ணு, மணலும் களியும் அடுக்கடுக்கா, பக்கத்துல ஏரி வேற. அங்க எங்க துளை போட்டாலும் தண்ணி வர வாய்ப்பு ரொம்ப அதிகம், குச்சி சாஞ்ச எடத்துலயும் வரும், சாயாத எடத்துலயும் வரும், ஆனா சாயாத எடத்துல யாரும் போர் போட்டு பாக்கறதில்ல. செஞ்சி அப்படி இல்ல, அது கெட்டிப் பாறை, பாறையில விரிசல் இருக்குற எடத்துலதான் தண்ணி, பத்தடி தள்ளி போட்டா தூசிதான் வரும். அதே கை, அதே குச்சி, மண்ணு மாறிடுச்சு. அவர் வாக்கு ஒண்ணும் போகல, அவருக்கு நாப்பது அம்பது வருஷமா நம்ம வண்டல் மண்ணு கை குடுத்துக்கிட்டு இருந்துச்சு.

ஜெர்மனில காசல்ங்கிற ஊர்ல 1990ல இப்படி குச்சி புடிச்சு தண்ணி பாக்குற 30 பேர கூப்பிட்டு சோதிச்சாங்க. அரை மீட்டர் ஆழத்துல பிளாஸ்டிக் குழாய் புதைச்சு, தண்ணி ஓடுதா ஓடலையான்னு சொல்லணும், அவ்வளவுதான். முதல்ல தண்ணி ஓடுதுன்னு சொல்லிட்டு புடிக்க சொன்னப்ப குச்சி நல்லா வேலை செஞ்சிச்சு, சோதனை நியாயம்னு 30 பேரும் ஒத்துக்கிட்டாங்க. சொல்லாம பண்ணினப்ப பூவா தலையா போட்ட மாதிரிதான் வந்துச்சு. அவங்க அதிர்ந்து போனாங்க, உங்கப்பா மாதிரியே.

உங்கப்பாகிட்ட இந்த ஜெர்மனி கதைய கொண்டு போகாதீங்க, இப்ப வேண்டாம். சாப்பிடாம இருக்குறவர்கிட்ட போயி, நீங்க நம்பினதெல்லாம் பொய்னு சொன்னா என்ன ஆவும். மண்ணுலேர்ந்து ஆரம்பிங்க. "அப்பா, செஞ்சில பாறைப்பா, அங்க மிஷின் வச்சு பாக்குற நிலவியல் ஆளுங்களே சிலசமயம் தவறிடறாங்க"ன்னு சொல்லுங்க, அது உண்மையும் கூட. நாப்பது வருஷமா இந்த வயல்லயே நடந்தவருக்கு எந்த மரம் எங்க பச்சையா நிக்கும், புத்து எங்க இருக்கும், பக்கத்து கெணறு கோடைல எத்தன அடி எறங்கும் எல்லாம் தெரியும், அந்த அறிவு அவருடையது, அத குச்சிக்கு குடுத்துட்டாரு. அத அவருக்கே திரும்ப குடுங்க. கொஞ்சம் மனசு தேறினப்புறம் நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து வீட்டு பின்னாடி வாளில தண்ணி வச்சு, மூடி, எதுல தண்ணி இருக்குன்னு ரெண்டு பேருக்குமே தெரியாம வேற ஒருத்தர வைக்க சொல்லி செஞ்சு பாக்கலாம், அவருக்கா ஆர்வம் வந்தா மட்டும். ஒண்ணே ஒண்ணு உறுதியா கேட்டு வாங்கிடுங்க, பாறை பூமிக்கு இனிமே போக வேண்டாம்னு. கடன் வாங்கி போர் போடறவன் குடும்பம் அதுல இருக்கு.

அம்மா, என் பையனுக்கு 21 வயசு, பாலிடெக்னிக் முடிச்சான். எட்டு மாசமா ரூமவிட்டு வெளிய வர்றதில்ல. தெருவுல போறவங்க மனசுல நினைக்கிறது எனக்கு கேக்குதுங்கறான், ராத்திரில தனியா பேசறான், குளிக்கறதில்ல. டிவில வர்றவங்க தன்ன பத்திதான் பேசறாங்கங்கறான். என் அண்ணன், இது சித்தர் அருள், கோயில்ல ஒரு மண்டலம் தங்க வைன்னு சொல்றார், அக்கம்பக்கத்துல பைத்தியம்ங்கறாங்க. இவனுக்கு வந்திருக்கிறது சக்தியா, நோயா?
— ஒரு தாய், நெல்லிக்குப்பம்

அம்மா, இத படிச்ச உடனே முதல்ல செய்ய வேண்டியத சொல்லிடறேன், விளக்கம் அப்புறம். 14416ன்னு ஒரு நம்பர் இருக்கு, டெலி மானஸ், அரசாங்கத்தோடது, காசு இல்ல, ராத்திரி பகல் எப்ப வேணா தமிழ்லயே பேசலாம், இன்னிக்கே பேசுங்க. அப்புறம் பையன கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ இல்ல கோரிமேடு ஜிப்மர் மனநலப் பிரிவுக்கோ கூட்டிட்டு போங்க. அவன் வரமாட்டேன்னா, நீங்க மட்டும் போயி டாக்டர்கிட்ட சொல்லுங்க, எப்படி கூட்டிட்டு வர்றதுன்னு அவங்க வழி சொல்லுவாங்க. தன்னையோ மத்தவங்களயோ காயப்படுத்திடுவேன்னு பேசினா, இல்ல அந்த குரல் ஏதாவது செய்யச் சொல்லுதுன்னு சொன்னா, நாளைக்குன்னு தள்ளாதீங்க, அன்னிக்கே போங்க.

குரல் கேக்குற எல்லாருக்கும் நோய்னு நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல இத நேரடியாவே ஆராய்ச்சி பண்ணினாங்க, 2017ல வெளிவந்துச்சு. தினமும் குரல் கேக்குது, எங்களுக்கு தெய்வீக சக்தி இருக்குன்னு சொல்ற, ஆனா நல்லா வேலை குடும்பம்னு வாழறவங்க ஒரு பக்கம், குரல் கேட்டு மனச்சிதைவுக்கு சிகிச்சை எடுக்குறவங்க இன்னொரு பக்கம். கேக்குற குரலோட சத்தம், எத்தன தடவ, இதெல்லாம் ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். வித்தியாசம் எங்கன்னா, முதல் வகைக்காரங்களால குரல கொஞ்சம் கட்டுப்படுத்த முடியுது, இப்ப வேணாம் அப்புறம் வான்னு நிறுத்த முடியுது, குரல் அவங்கள திட்டறதில்ல, முதல் தடவ வெளிய சொன்னப்ப கேட்டவங்க அவங்கள பயந்து ஒதுக்கல. அதே குழுவோட இன்னொரு சோதனைல, ஒரு வெளிச்சத்தையும் ஒரு சத்தத்தையும் சேர்த்து சேர்த்து காட்டி பழக்கிட்டு, அப்புறம் சத்தம் இல்லாம வெளிச்சம் மட்டும் காட்டினா, குரல் கேக்குற ரெண்டு வகைக்காரங்களுமே இல்லாத சத்தத்த மத்தவங்கள விட அதிகமா கேட்டாங்க. மூளை எதிர்பாக்குறது, காது கேக்குறதுக்கு மேல ஏறி உக்காந்துக்குது. இது எல்லார்கிட்டயும் கொஞ்சம் இருக்குற விஷயம், சிலர்கிட்ட கூடுதல்.

அந்த குரல் என்ன பேசுதுங்கறதுலயும் ஊரு இருக்கும்மா. டான்யா லூர்மன்ங்கிற மானுடவியல் பேராசிரியர் கலிஃபோர்னியா, ஆப்பிரிக்காவுல அக்ரா, நம்ம சென்னை, மூணு எடத்துலயும் இந்த நோய் உள்ள 20, 20 பேர்கிட்ட பேசினாங்க, 2015ல வந்த ஆராய்ச்சி. அமெரிக்காக்காரங்களுக்கு முகம் தெரியாத ஆளுங்க வெட்டு குத்துன்னு மிரட்டுற குரல். சென்னைல பாதிக்கு மேல சொந்தக்காரங்க குரல், குளி, சாப்பிடு, வேலைய பாருன்னு. அதனால உங்க பையன் சொல்றத யாரும் கிண்டல் பண்ணாதீங்க, அப்படி ஒண்ணும் கேக்கலன்னு சண்டையும் போடாதீங்க, "உனக்கு கேக்குதுன்னு தெரியுது, எனக்கு கேக்கல, உனக்கு பயமா இருக்கா?"ன்னு கேளுங்க. அவன் உங்ககிட்ட பேசுறது நிக்கக்கூடாது, அதுதான் உங்க கைல இருக்குற பெரிய மருந்து.

ஆனா உங்க பையன் விஷயத்துல நீங்க எழுதினத பாருங்க, குளிக்கல, வெளிய வரல, டிவி தன்ன பத்தி பேசுதுன்னு நினைக்கிறான், எட்டு மாசம் ஆச்சு, வயசும் 21, இந்த நோய் பெரும்பாலும் தலைகாட்டுற வயசு. இது அருள்னு காத்துக்கிட்டு இருக்குற நேரம் இல்ல. சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்குதோ அவ்வளவு நல்லா தேறுவாங்க, நிறைய பேர் வேலைக்கே போறாங்க. உங்க அண்ணன பகைச்சிக்காதீங்க, அவர் அவன் மேல இருக்குற பாசத்துலதான் சொல்றார். கோயிலுக்கு போங்க, வேண்டிக்குங்க, வேண்டாம்னு எந்த டாக்டரும் சொல்ல மாட்டாங்க. மாத்திரைய நிறுத்தாம போங்க. அங்க கொண்டு போயி விட்டுட்டு வந்துடறது மட்டும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடில ஒரு காப்பகத்துல தீ புடிச்சு 28 பேர் செத்தாங்க, பலர் சங்கிலில கட்டியிருந்ததால ஓட முடியல, அவங்களயும் அம்மாவோ அண்ணனோ குணமாகும்னுதான் கொண்டு வந்து விட்டிருந்தாங்க. 2017 மனநலச் சட்டப்படி யாரையும் எந்த வகையிலயும் சங்கிலில கட்டக்கூடாது, எந்த எடமா இருந்தாலும். எனக்கு திரும்ப எழுதுங்கம்மா, டாக்டர பாத்துட்டு வந்து.

பண்ருட்டி பக்கம் குறி சொல்ற ஒரு அம்மாகிட்ட போனேன். வாய தொறக்கல நான், அவங்களே எல்லாத்தையும் புட்டு புட்டு வச்சாங்க. இது எப்படி சாத்தியம்? அவங்க பாத்தா ஏமாத்துறவங்களா தெரியல.
— குடும்பத் தலைவி, திருப்பாதிரிப்புலியூர்

ஏமாத்துறவங்களா இருக்கணும்னு அவசியம் இல்லங்க. 1948ல ஃபோரர்ங்கிற அமெரிக்கப் பேராசிரியர், 39 மாணவர்களுக்கு ஒரு தேர்வு வச்சு, ஒரு வாரம் கழிச்சு இது உன் குணம்னு ஆளுக்கு ஒரு தாள் குடுத்தார். எவ்வளவு சரின்னு 5க்கு மார்க் போடச் சொன்னார், சராசரி 4.26 வந்துச்சு. அப்புறம்தான் சொன்னார், எல்லார் கைலயும் இருந்தது ஒரே தாள், கடைல வாங்குன ஜோசிய புத்தகத்துலேர்ந்து எடுத்தது. "நீ பாக்க தைரியமா இருப்ப, உள்ளுக்குள்ள கவலைப்படுவ", "உன் அருமை வீட்டுல இருக்குறவங்களுக்கு தெரியல", இது யாருக்கு பொருந்தாது? நீங்க வாய தொறக்கலன்னு எழுதியிருக்கீங்க, ஆனா தலையாட்டியிருப்பீங்க, கண்ணு கலங்கியிருக்கும், கழுத்துல தாலிய தொட்டிருப்பீங்க. அந்த அம்மாவுக்கு எத்தனையோ வருஷமா எதிர்ல உக்கார்ற முகத்த படிச்சு படிச்சு பழக்கம், தான் படிக்கிறோம்னு அவங்களுக்கே தெரியாது, வாயில வர்றத தெய்வம் சொல்லுதுன்னு நம்புறாங்க, ஜனங்களும் "ஆமாம்மா, அப்படியே இருக்கு"ன்னு திரும்பத் திரும்ப சொல்றாங்க. யாருக்கு தப்பா சொன்னாங்களோ அவங்க திரும்பி வந்து சொல்றதில்ல, அதனால அவங்களுக்கு தன் தப்பு தெரிய வழியே கிடையாது.

ரே ஹைமன்னு ஒரு மனோதத்துவப் பேராசிரியர் இருந்தார், இள வயசுல கைரேகை பாத்து சம்பாதிச்சவர், ரொம்ப சரியா சொல்றோம்னு அவரே முழுசா நம்பினார். ஒரு நண்பர், ஒரு நாள் ரேகை சொல்றதுக்கு நேர் எதிரா சொல்லிப் பாரேன்னார். சொன்னார், வந்தவங்க அதயும் அவ்வளவு கரெக்டுன்னு மெச்சிக்கிட்டுப் போனாங்க. அந்த அதிர்ச்சிலதான் அவர் மனோதத்துவம் பக்கம் முழுசா திரும்பினார்.

நீங்க அங்க போயி மனசு லேசானதுன்னா, அது ஒருத்தங்க உங்கள உக்கார வச்சு உங்க கஷ்டத்த பத்தி மட்டும் பேசினதால வந்த லேசு, வீட்டுல அது கிடைக்கலன்னு அர்த்தம். பரிகாரம்னு நகைய கழட்டச் சொன்னாலோ, ஆஸ்பத்திரி மருந்த நிறுத்தச் சொன்னாலோ எந்திரிச்சு வந்துடுங்க.

எனக்கு மனசுல பட்டது அடிக்கடி நடக்குது. நண்பர்கள் கிண்டல் பண்றாங்க. உண்மையிலயே இருக்கா இல்லையான்னு நானே சோதிச்சுக்க வழி இருக்கா?
— பொறியியல் மாணவர், லாஸ்பேட்டை

இருக்கு தம்பி, கேட்டதுக்கே உன்னை பாராட்டணும். அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழகத்துல ரைன்ங்கிறவர் 1930கள்ல பயன்படுத்தின முறையே போதும். அஞ்சு குறி, வட்டம், கூட்டல், அலை, சதுரம், நட்சத்திரம், ஒவ்வொண்ணும் அஞ்சு சீட்டு, மொத்தம் 25. தடிமனான அட்டைல பண்ணு, அந்த காலத்துலயே சீட்டு மெல்லிசா இருந்து பின்பக்கம் தெரிஞ்சதுன்னு பெரிய பிரச்சினை ஆச்சு. ஒவ்வொரு சீட்டுக்கும் இன்னொருத்தன் கலைச்சு ஒண்ண எடுத்து பாத்து, குறிய ஒரு தாள்ல எழுதி வச்சிட்டு திரும்ப கட்டுலயே போட்டு கலைக்கணும், அப்பதான் கணக்கு சுத்தமா இருக்கும். எடுக்குறவன் வேற ரூம்ல இருக்கணும், மூஞ்சி தெரியக்கூடாது, சரியா தப்பான்னு நடுவுல சொல்லக்கூடாது. நீ எழுதி முடிச்சப்புறம்தான் ரெண்டு தாளயும் ஒத்துப் பாக்கணும். மொத்தம் 100 சீட்டுன்னு முன்கூட்டியே முடிவு பண்ணிக்க, நல்லா வர்றப்ப நிறுத்துறது, சரியில்லாத சுத்த இன்னிக்கு தலவலின்னு தள்ளுறது, ரெண்டும் கூடாது.

சும்மா கண்ண மூடிக்கிட்டு எழுதினாலே 20 சரியா வரும். 24, 25 வந்தா துள்ளாத, அது சாதாரணம். 30 இல்ல அதுக்கு மேல வர்றது நூறு பேர்ல ஒருத்தருக்கு நடக்கும். இங்கதான் எல்லாரும் விழறாங்க: உன் கிளாஸ்ல 60 பேர் இருந்து எல்லாரும் பண்ணினா, சக்தி எதுவும் இல்லாமலே அதுல யாராவது ஒருத்தருக்கு 30 வர ஏறக்குறைய பாதிக்கு பாதி வாய்ப்பு, அவன் வாழ்நாள் பூரா எனக்கு சக்தி இருக்குன்னு நினைச்சிக்குவான். அதனால 30 வந்தா மறுபடி புதுசா 100. திரும்பவும் வந்தா இன்னொரு 100, இந்த தடவ சீட்டு எடுக்குறவன் உன்னை நம்பாதவனா இருக்கட்டும். 2011ல டேரில் பெம்ங்கிற பேராசிரியர், வரப்போறது மனசுக்கு தெரியுதுன்னு 1000 பேருக்கு மேல வச்சு ஒன்பது சோதனை போட்டார், பெரிய ஆராய்ச்சி இதழ்லயே வந்துச்சு, மத்தவங்க அதயே திரும்ப செஞ்சப்ப வரல. திரும்ப வரணும், அதுதான் விதி.

நம்ம பக்கத்துல ஆபிரகாம் கோவூர்ங்கிற பகுத்தறிவாளர், இந்த மாதிரி சக்திய சோதனைல நிரூபிச்சா தர்றேன்னு 1963லேர்ந்து இலங்கைல ஒரு லட்ச ரூபா பந்தயம் வச்சிருந்தார், 1978ல சாகுற வரைக்கும் யாரும் வாங்கல. அமெரிக்காவுல ஜேம்ஸ் ராண்டிங்கிற மேஜிக் நிபுணர் அதே மாதிரி பத்து லட்சம் டாலர் வச்சார், 2015ல அத மூடுற வரைக்கும் ஆயிரம் பேருக்கு மேல விண்ணப்பிச்சும் ஒருத்தரும் ஜெயிக்கல. வந்தவங்க பலர் ஏமாத்த வரல தம்பி, உன்ன மாதிரி மனசார நம்பி வந்தவங்க. உன் தாள் ரெண்டயும் தேதியோட எனக்கு அனுப்பு, எண்ணிக்கை எவ்வளவு வந்தாலும்.